மின்விசிறி ரெகுலேட்டரும் ஒரு ஹெவி மெட்டல் பாட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை நண்பனின் காரில் உட்கார்ந்து, வீட்டிலேயே நான் பதிவு செய்த ஹெவி மெட்டல் பாட்டைப் போட்டுக் கேட்டேன். இதே காரில் இதற்கு முன் நான்கு முறை கேட்டு, நான்கு முறையும் முகம் சுளித்துக்கொண்டு இறங்கியிருக்கிறேன். ஒரு முறை கிட்டார் காதோரத்துக் கொசுவாக ரீங்கரித்தது. இன்னொரு முறை பேஸைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இந்த முறை நண்பன் ஒன்றும் சொல்லாமல் கை நீட்டி ஒலியைக் கூட்டினான். பாட்டு முடிந்தது என்று அப்போதுதான் தீர்மானித்தேன். நீளம் 3 நிமிடம் 42 வினாடி. செய்து முடிக்கப் பிடித்தது பதினான்கு வாரம். எங்கெங்கே சறுக்கினேன் என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

இடம், பெரம்பூரில் ஒரு வாடகை வீட்டின் முதல் மாடி, என் படுக்கை அறை. 10 அடிக்கு 12 அடி, உயரமும் 10 அடி. கட்டில், மேசை, ஓர் இரும்பு பீரோ. மின்சார ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி முதலில் சொல்லிவிடும். கையில் ஏற்கெனவே இருந்தவை ஏழு வருடப் பழைய ஆறு கம்பி கிட்டார், ஒரு ஷூர் எஸ்எம்58 மைக், மடிக்கணினி. பழையதாக வாங்கியது, கிட்டாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 பெட்டி, 8,500 ரூபாய். ஒலிப்பதிவு மென்பொருள் ரீப்பர். அதை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதற்குள் பாட்டை முடித்துவிடலாம் என்று நினைத்தவன் கடைசியில் 60 டாலர் கட்டினேன். நம் பணத்தில் 5,300 ஆயிற்று. ஆம்ப்ளிஃபயர் கிடையாது. அதற்குப் பதில், ஆம்ப்பின் ஒலியைக் கணினியிலேயே உண்டாக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச பிளக்-இன் (ரீப்பருக்குள் சேர்த்து ஓட்டும் சின்ன மென்பொருள்).

முதல் சிக்கல் கம்பியில். பாட்டு டிராப் சி சுருதியில் அமைந்தது. தடித்த கம்பியை ஈயிலிருந்து சி வரை நான்கு அரைச்சுரமும், மற்ற ஐந்தை இரண்டிரண்டு அரைச்சுரமும் இறக்க வேண்டும். கிட்டாரில் கிடந்த 10–46 கம்பியை (மெல்லியதும் தடித்ததும் அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை பங்கு தடிமன்) அப்படியே இறக்கினேன். கொடிக்கயிறு மாதிரி தொங்கியது. ஓங்கி அடித்தால் சுரம் முதலில் மேலே எகிறி, பிறகு வழுக்கி இடத்துக்கு வந்தது. பிளாக் சப்பாத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி ஆலை விபத்தில் கம்பியை அழுத்தும் கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். கம்பி தளர்ந்திருந்தால் விரலுக்குச் சுலபம் என்று 1971 வாக்கில் சுருதியை சி ஷார்ப் வரை இறக்கினார். அவருக்கு வரமான தளர்ச்சி எனக்கு வினையாக வந்து சேர்ந்தது. 11–56 கம்பி 900 ரூபாய்க்கு வாங்கினேன். அது தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பட்டையான நட்டின் பள்ளத்தில் இறங்காமல் சிக்கி, முறுக்கும்போதெல்லாம் 'டிங்' என்று குதித்தது. பள்ளத்தை அராவ 400 ரூபாய். இதை நானே செய்ய முயன்று, உப்புத்தாளை எடுத்த பிறகு பயந்து கீழே வைத்தேன். அது ஒன்றுதான் இந்தக் கதையில் நான் எடுத்த புத்திசாலித்தனமான முடிவு.

அடுத்தது இரைச்சல். இதற்கு மூன்று வாரம் போயிற்று.

ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரில் சின்ன இரைச்சல்கூடப் பெரிய பூதமாகிவிடும். நான் வாசிக்காத இடைவெளிகளில் எல்லாம் ஒரு வறண்ட 'ஸ்ர்ர்ர்' கேட்டது. கிட்டாரில்தான் குறை என்று முடிவுகட்டி, பின்மூடியைத் திறந்து, பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயரைப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. ரிச்சி தெருவில் 450 ரூபாய்க்குச் செப்புத் தகடு ஒட்டுநாடா வாங்கி, உள்பள்ளம் முழுக்க ஒட்டினேன். விரல்களில் ஏழெட்டுக் கீறல் விழுந்ததுதான் மிச்சம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றினால் உச்சத்தில் ஒரு கீச்சொலி நின்றது, ஆனால் 'ஸ்ர்ர்ர்' நிற்கவில்லை. கேபிளை மாற்றினேன். மேசையை மாற்றிப் போட்டேன். கிட்டாரோடு அறையில் மெல்லத் திரும்பினால் ஒரு கோணத்தில் குறைந்தது, மறு கோணத்தில் கூடியது. இதிலிருந்தே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்: குறை கிட்டாருக்குள் இல்லை, வெளியிலிருந்து வருகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மின்சாரம் போனது. ஸ்கார்லெட் யூஎஸ்பியிலேயே ஓடும். மடிக்கணினி பேட்டரியில் இருந்தது. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் அலைக்கோடு திடீரென்று ஊசியால் இழுத்த நூலாகிவிட்டது. காதில் பரிபூரண அமைதி. நாற்பது நிமிடம் கழித்து மின்சாரம் வந்தது, இரைச்சலும் வந்தது. என் அறை விசிறியை அப்போது நிறுத்தித்தான் வைத்திருந்தேன். கூடத்தில் அம்மாவின் தலைக்குமேல் ஓடிய விசிறி மூன்றாம் எண்ணில் இருந்தது. எழுந்து போய் ஐந்தில் வைத்தேன். இரைச்சல் நின்றது. மூன்றில் வைத்தேன், வந்தது. 'விளையாடுகிறாயா?' என்றார் அம்மா.

நமது வீடுகளில் இப்போது இருக்கும் சின்ன எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் பல, மின் அலையை நொடிக்கு நூறு முறை நறுக்கி விசிறிக்குக் கொடுப்பவை. அந்த நறுக்கல்தான், கம்பியின் அதிர்வை மின்னாக மாற்றும் கிட்டார் பிக்கப்பில் 'ஸ்ர்ர்ர்' ஆகக் கேட்கிறது. முழு வேகத்தில் நறுக்கல் இல்லை, சத்தமும் இல்லை. படிப்படியாகத் திருகும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டர் அப்படி நறுக்குவதில்லை. ஒன்று 320 ரூபாய். கூடத்துக்கு ஒன்று, என் அறைக்கு ஒன்று. மெயினை அணைத்துவிட்டு மாற்ற இருபது நிமிடம். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை.

டிரம் வாசிக்க எனக்குத் தெரியாது, வைக்க இடமும் கிடையாது. எம்டி பவர் டிரம் கிட் என்ற இலவச பிளக்-இன்னில் ஒவ்வோர் அடியாக எழுதினேன். வேகம் நிமிடத்துக்கு 148 தட்டு. முதலில் எல்லா அடியையும் உச்ச பலமான 127-இல் போட்டதில் தையல் இயந்திரம் ஓடுவது போலிருந்தது. காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் இரட்டை கிக் ஓட்டங்களில் ஒன்று விட்டு ஒன்றை 105 ஆக்கினேன், குச்சியால் அறையும் சின்ன டிரம்மான ஸ்னேரின் நடு அடிகளை 40-க்கு இறக்கினேன். ஓரளவு மனிதக் கால் போல ஆனது. ஸ்னேரில் மட்டும் உயிர் வரவில்லை. ஒருநாள் அடுக்களையில் எவர்சில்வர் அண்டா நழுவி விழுந்த சத்தம் காதில் ஒட்டிக்கொண்டது. அதே அண்டாவைக் கட்டிலில் கவிழ்த்து, மரக் கரண்டியால் தட்டி மைக்கில் எடுத்தேன். ஓசை இரண்டு வினாடி இழுத்துக்கொண்டே போனது. உள்ளே துண்டைத் திணித்த பிறகு 'டக்' என்று நின்றது. அந்த 'டக்'கை ஸ்னேருக்கு அடியில், அதைவிட 14 டெசிபல் குறைவாக வைத்திருக்கிறேன். தனியாக இருப்பதே தெரியாது. எடுத்துவிட்டால் ஸ்னேர் செத்துவிடும்.

கிட்டார் பதிவில் முதல் வாரம் முழுக்க வீண். ஸ்கார்லெட்டின் முகப்பில் 'இன்ஸ்ட்' என்று ஒரு பொத்தான் உண்டு. கிட்டாரை நேராகச் செருகினால் அதை அழுத்த வேண்டும். நான் அழுத்தவில்லை. போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல் மந்தமாகப் பதிவானதைப் பிளக்-இன்னில் சரிசெய்யப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வாரம் வேறு கோளாறு: கணினி திணறக் கூடாது என்று பஃபரை, அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை, 1024 சாம்பிளில் விட்டிருந்தேன். 48 கிலோஹெர்ட்ஸில் அது போக 21 மில்லிவினாடி, வர 21. என் வேகத்தில் நான்கு தட்டு கொண்ட ஒரு தாள அளவின் பதினாறில் ஒரு பங்கே 101 மில்லிவினாடிதான். கம்பியை அடித்து, சத்தத்துக்குக் காத்திருந்து, அடுத்த அடியை அடித்தேன், மொத்தமும் தள்ளாடியது. 128-க்கு இறக்கியதும் விரலும் காதும் சேர்ந்துகொண்டன. பதிவின்போது 128, டிராக்குகளைக் கலக்கும்போது 1024 என்று மேசையில் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

கரகரப்பைக் கூட்டிக் குறைக்கும் கெயின் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறையே நானும் செய்தேன். தனியாகக் கேட்டபோது கெயின் 8-இல் மலையே சரிவது போலிருந்தது. டிரம்மோடு சேர்த்ததும் மலை மணல்மேடாகிவிட்டது. உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிமேல் வைத்து அடக்கி அடிக்கும் இடங்களில் ஒவ்வோர் அடியும் தனியாகத் தெறிக்க வேண்டும்; அங்கே எல்லாம் கூழாகிக் கிடந்தது. கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி 4.5-இல் நிறுத்தினேன். ஆம்ப்புக்கு முன்னால் டியூப் ஸ்கிரீமர் வகை பெடல் பிளக்-இன் ஒன்று: டிரைவ் பூஜ்ஜியம், லெவல் முழுசு, டோன் நடுவில். அது அடித்தொனியை இறுக்கிவிடுகிறது. கெயின் குறைந்ததும் என் வலக்கையின் யோக்கியதை வெளியே வந்துவிட்டது. அதுவரை கூழ் மறைத்திருந்த தப்படி எல்லாம் கேட்டது. இரண்டாம் பகுதியின் நான்கு தாள அளவுகளை மட்டும் ஒரு மாலையில் முப்பத்தொரு முறை வாசித்தேன். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் சுருதி பார்க்க வேண்டியிருந்தது. மெல்லத் தட்டிச் சுருதி சேர்த்தால் பயனில்லை. பாட்டில் எவ்வளவு ஓங்கி அடிப்போமோ அவ்வளவு ஓங்கி அடித்து ட்யூனரைப் பார்க்க வேண்டும்.

கனமான இசையில் அதே பகுதியை இரண்டு முறை வாசித்து, ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் வைப்பது வழக்கம். முப்பத்தொன்று தடவை வாசித்தவனுக்குச் சோம்பல் வந்தது. இடப்பக்கத்ததை நகலெடுத்து, 15 மில்லிவினாடி தள்ளி வலப்பக்கம் வைத்தேன். ஹெட்போனில் அகலமாக, ஜோராக இருந்தது. கைப்பேசியின் ஒற்றை ஸ்பீக்கரில் போட்டபோது கிட்டார் உள்ளீடற்ற மூங்கில் குழாய்க்குள் போய்விட்டது. இரண்டும் ஒரே அலை ஆகையால் கூடும் இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. வேறு வழியில்லை, வலப்பக்கத்துக்கும் உட்கார்ந்து வாசித்தேன். இரண்டு நல்லதென்றால் நான்கு இன்னும் நல்லதாக இருக்குமே என்று பிற்பாடு நான்கு முறை வாசித்தும் பார்த்தேன். மறுபடி கூழ். இரண்டுக்கே திரும்பினேன்.

பேஸ் கிட்டார் என்னிடம் இல்லை. நண்பனின் ஐந்து கம்பி பேஸை ஒரு வாரம் கடன் வாங்கி, அடிக்கம்பியை பீயிலிருந்து சிக்கு ஏற்றினேன். அங்கே சுரம் 32.7 ஹெர்ட்ஸ். வாசித்ததை இரண்டு டிராக்காக்கினேன். ஒன்றில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் விட்டு, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரால் நன்றாக அழுத்தினேன். மற்றதில் 200-க்கு மேலே உள்ளதை மட்டும் விட்டு, டிஸ்டார்ஷன் போட்டேன். பிறகு கிட்டார்கள் இரண்டிலும் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி எறிந்தேன். கிட்டாரைத் தனியாகக் கேட்டால் அழுகை வரும், தகர டப்பா. பேஸைத் திறந்தால் அந்தத் தகரத்துக்கு அடியில் யாரோ காங்கிரீட் கொட்டியது போலிருக்கும். ஹெவி மெட்டல் கிட்டாரின் எடை என்று இத்தனை வருடம் நான் கேட்டு மயங்கியதில் பாதி பேஸ்தான். கிட்டார் வாசிப்பவன் இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும்.

குரல் எடுக்கத் தேர்ந்த நேரம் இரவு எட்டு மணி. எல்லா வீட்டிலும் தொலைக்காட்சித் தொடர் உச்சத்தில் ஓடும், நான் கத்துவது எடுபடாது என்ற கணக்கு. மெத்தையைச் சுவரில் சாய்த்து, அதைப் பார்த்து நின்று, மைக்கை வாய்க்கு இரண்டு அங்குலத்தில் வைத்துக்கொண்டேன். முதல் நாள் தொண்டையால் உறுமினேன். மூன்று நாள் இருமல். வயிற்றிலிருந்து காற்றைத் தள்ளி, இருபது நிமிடத்துக்கு மேல் தொடராமல் நிறுத்துவது என்று பழகிய பிறகு தொண்டை தப்பியது. கீழ் வீட்டுப் பாட்டி படியேறி வந்து அம்மாவிடம், 'பையனுக்கு உடம்பு சரியில்லையா?' என்று கேட்டார். 'பாடுகிறான்' என்றார் அம்மா. பாட்டி நம்பவில்லை, மறுநாள் கஷாயம் வந்தது.

பாட்டு 2019 கோடையில் சென்னையில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்ததைப் பற்றியது. நான் முதலில் எழுதிய வரி, 'மண்ணும் மௌனம், விண்ணும் மௌனம்'. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. உறுமிப் பதிவு செய்து கேட்டால் பல்வலிக்காரன் முனகுவது போல 'ம்ம்ம்' என்று ஒரே இழுப்பு. உறுமலில் உயிரெழுத்துகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. சொல்லை அடையாளம் காட்டுவது மெய்தான், அதிலும் காற்றை அடைத்துத் திறக்கும் வல்லினம்தான். ழகரம் வாயிலேயே கரைந்துவிடுகிறது. 'மழை' என்று பாடினால் 'மறை'யா 'மலை'யா என்று நமக்கே ஐயம். வரிகளை மாற்றினேன்: 'எட்டுக் குடம், ஒற்றை லாரி, தட்டு தட்டு தட்டு'. முதல் பதிவிலேயே ஒவ்வொரு 'ட்ட'வும் ஸ்னேரோடு சேர்ந்து அறைந்தது. தொல்காப்பியம் வல்லெழுத்து மிகுந்து வருவதை வல்லிசை வண்ணம் என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த சொல் இருபது வருடம் கழித்து மைக் முன்னால் உதவிக்கு வந்தது.

இனி அறை. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். நான் கடைசியில் செய்தேன். நான் மேசையைப் பின்சுவர்ப் பக்கமாகப் போட்டு, அந்தச் சுவரில் முதுகு படாத குறையாக உட்கார்ந்து டிராக்குகளைக் கலந்துகொண்டிருந்தேன். சுவரோரத்தில் அடித்தொனி வீங்கிக் கேட்கும். என் அறையின் அகலமும் உயரமும் ஒரே அளவு ஆகையால் 57 ஹெர்ட்ஸ் அருகே அது இரட்டிப்பாக வீங்கியது. வீங்கியதை நான் குறைத்தேன். காரில் கொசு கேட்டது. பிறகு ஹெட்போனை நம்பிக் கூட்டினேன். காரில் பேஸ் மட்டும் கேட்டது. யாரோ சொன்னதைக் கேட்டு மளிகைக் கடையிலிருந்து முப்பது முட்டை அட்டை வாங்கிவந்து சுவரில் ஒட்டியதும் நடந்தது. ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை. பல்லிகள் மட்டும் குடியேறின.

ஒழுங்காகச் செய்தது இதுதான். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) பலகைகள், 4 அடிக்கு 2 அடி, இரண்டு அங்குலத் தடிமன், எட்டு. ஒன்று 310 ரூபாய். இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு அங்குலமாக்கி, தச்சரிடம் மரச்சட்டம் அடித்து, பத்து மீட்டர் காடா துணியால் போர்த்தினேன். சட்டத்துக்கு 2,200, துணிக்கு 700. கையுறை போட்டுத்தான் செய்தேன், கழுத்தை மறந்துவிட்டேன். இரண்டு நாள் அரிப்பு. நான்கையும் மூலைகளில் நிறுத்தினேன். நடு, மேல் ஒலிகளின் கலகலப்பு அடங்கியது. 57 ஹெர்ட்ஸ் வீக்கம் கொஞ்சம்தான் வாடியது. அதற்குப் பெரிய மருந்து, நாற்காலியை நகர்த்தியது. நீளவாக்கில் முன்சுவரிலிருந்து நாலரை அடியில் காது இருக்கும்படி உட்கார்ந்தேன். செலவு சுழியம்.

அதன் பிறகும் ஓர் இடத்தில் சி கம்பி முழங்கும்போதெல்லாம் ஒரு கரகரப்பு கேட்டது. கிட்டார் டிராக்குகளில் இரண்டு மாலை அதைத் தேடினேன். ஹெட்போனில் அது இல்லை என்பது மூன்றாம் மாலைதான் உறைத்தது. எழுந்து அறையைச் சுற்றி ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தேன். பீரோவின் வலக்கதவை அழுத்தியதும் நின்றது. கதவிடுக்கில் செய்தித்தாளை மடித்துச் செருகினேன்.

கடைசிக் கட்டத்தில் பேராசைப்பட்டு ஒலியளவை −6 லஃப்ஸ் (பாட்டின் உரப்பை அளக்கும் அலகு, சுழியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்) வரை தள்ளினேன். அண்டா போட்டு வளர்த்த ஸ்னேர் தட்டையாகிப் போனது. −9-க்குத் திரும்பினேன். ஸ்பாட்டிஃபை எப்படியும் −14 அருகே இறக்கித்தான் ஒலிக்கும்.

இந்தப் பாட்டுக்கென்று புதிதாகச் செலவழித்தது 21,570 ரூபாய். செப்பு நாடாவின் 450 மட்டும் தண்டம். அடுத்த முறை முதல் நாளே நாற்காலியின் இடத்தைப் பார்ப்பேன்; வீட்டு விசிறிகளை ஒவ்வொன்றாகச் சுற்றவிட்டு இரைச்சலைச் சோதிப்பேன்; பிளக்-இன் போடாத கிட்டார் ஒலியையும் தனியாகச் சேமிப்பேன். இந்த முறை இரண்டு பகுதிகளில் அதைச் சேமிக்காமல் விட்டு மறுபடி வாசிக்க வேண்டியிருந்தது. குரலை எட்டு மணிக்கு எடுக்க மாட்டேன்: இரண்டாம் சரணத்தின் இடைவெளியில், காதைத் தீட்டினால், பக்கத்து வீட்டுத் தொடரில் ஒரு மாமியார் அழுவது கேட்கிறது.

அடுத்த பாட்டுக்கு மூன்று ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள், தயார். வரி இன்னும் எழுதவில்லை. ழகரம் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது மட்டும் முடிவாகியிருக்கிறது.